நிச்சயமற்ற கல்வியாண்டுக்கு இலக்கு வகுத்தல்: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி எந்தத் தேதியில் திறக்கும் என்பதே உறுதியாகத் தெரியாத நிலையிலும், "இந்த ஆண்டுக்கான உங்கள் இலக்குகள் யாவை?" என்று கேட்கும் படிவம் மட்டும் தவறாமல் ஆசிரியரின் மேசைக்கு வந்துவிடுகிறது. தொற்றுநோய், வெள்ளம், கடும் வெப்பம், வேலைநிறுத்தம், நிதி நெருக்கடி, திடீர்ப் பாடத்திட்ட மாற்றம், ஆசிரியர் பற்றாக்குறை என்று காரணம் எதுவானாலும் வகுப்பறையில் அதன் விளைவு ஒன்றுதான். எத்தனை நாள் வகுப்பு நடக்கும், எத்தனை பேர் வருவார்கள், நேரில் நடத்துவோமா தொலைவிலிருந்து நடத்துவோமா என்ற மூன்றும் ஆசிரியரின் கையில் இருப்பதில்லை. 2020 ஏப்ரலில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களின் படிப்பு தடைபட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. அவ்வளவு பெரிய முடக்கம் மறுபடி வராவிட்டாலும், இரண்டு வார அடைப்போ நடுவில் ஓர் ஆசிரியர் இடமாற்றமோ ஒரு வகுப்பின் ஆண்டுத் திட்டத்தைக் கலைத்துவிடப் போதும்.

நான் பணிக்கு வந்தபோது இதை வரிசையாகச் சொல்லித்தர எவரும் இருக்கவில்லை. முந்தைய ஆண்டின் படிவத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளும்படி சொன்னார்கள், அத்துடன் முடிந்தது. அந்தப் படிவத்தை நடைமுறைக்குப் பொருந்தும்படி செய்ய நான் பட்ட பாட்டில் தேறிய வழிமுறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கருத்து ஒன்றே. தேதியை நம்பி எழுதிய இலக்கு முதல் அடைப்பிலேயே பொருளிழந்துவிடும். மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை முன்வைத்து, எது முதலில், எதை விடலாம் என்ற வரிசையோடு எழுதிய இலக்கோ நாள்கள் குறைந்தாலும் பயன்படும்.

1. எழுதுவதற்கு முன் ஆவணங்களைத் திரட்டுங்கள்

பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். திறந்தபின் அலுவலகத்தில் சேர்க்கை வேலை குவிந்துவிடும். பழைய பதிவேட்டை எடுத்துத் தர அங்கே யாருக்கும் நேரமிருக்காது.

முதலில் தேவைப்படுவது நடப்பு ஆண்டுக்கான பாடத்திட்டம். பாடநூலைப் பாடத்திட்டமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது; ஆனால் நெருக்கடிக் காலங்களில் பாடப்பகுதிகளைக் குறைத்தோ தள்ளிவைத்தோ சுற்றறிக்கைகள் வரும், அச்சான நூலில் அந்த மாற்றங்கள் இருக்காது. ஆகவே பாடத்திட்டத்தின் தேதியைப் பார்த்து, அதற்குப்பின் வந்த சுற்றறிக்கைகளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அடுத்து, பள்ளியின் ஆண்டு நாட்காட்டி, உங்கள் கால அட்டவணையின் வரைவு, நீங்கள் ஏற்கப்போகும் வகுப்பின் சென்ற ஆண்டு மதிப்பெண் பதிவேடு, வருகைப் பதிவேடு ஆகியவை.

மொத்த மதிப்பெண்ணை வைத்து அதிகம் சொல்லிவிட முடியாது. 100க்கு 48 என்ற எண், அந்த மாணவருக்கு எந்தப் பகுதி தெரியாது என்பதைச் சொல்வதில்லை. அதைவிடப் பயனுள்ளது முந்தைய ஆசிரியரின் பாடக்குறிப்பேடு. அதில் கடைசியாக நடத்திய பாடம் எது, அவசரமாக முடித்தது எது, நடத்தாமலே விட்டது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர் அதே பள்ளியில் இருந்தால் நேரில் கேட்டுவிடுவது மேல், "எதை முழுதாக நடத்த முடியவில்லை?" என்று குற்றம் சாட்டும் தொனியின்றிக் கேட்டால் பெரும்பாலானோர் மனம்விட்டுச் சொல்வார்கள்.

மாணவர்களின் தொடர்பு விவரமும் வேண்டும். எந்தத் தொலைபேசி எண் யாருடையது, வீட்டில் கைபேசி எந்நேரம் மாணவரின் கைக்கு வரும், இணையம் உண்டா இல்லையா என்ற மூன்றையும் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஒரு சிறு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். அடைப்பு அறிவித்தபின் திரட்டத் தொடங்கினால், மிகவும் தேவைப்படும் மாணவர்களின் விவரம்தான் கடைசியாகக் கிடைக்கும், அல்லது கிடைக்கவே கிடைக்காது. இந்தத் தாள்களைப் படமெடுத்து உங்கள் சொந்தக் கைபேசியில் வைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளியின் பூட்டிய அலமாரியில் ஒரு பிரதி இருந்தால் போதும்.

இறுதியாக, ஆண்டு முடிவில் உங்களை மதிப்பிடப் பயன்படுத்தும் படிவத்தை இப்போதே கேட்டு வாங்குங்கள். பலர் இதை ஆண்டின் கடைசியில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

2. கையில் இருக்கும் பாடவேளைகளை எண்ணுங்கள்

நாட்காட்டியில் 36 வாரங்களும் வாரத்துக்கு 5 பாடவேளைகளும் இருப்பதாகக் கொண்டால் மொத்தம் 180. இதில் தேர்வுகளுக்கும் விடைத்தாள் விளக்கத்துக்கும் 20, விழாக்களுக்கும் போட்டிகளுக்கும் 12, உங்கள் சொந்த விடுப்புக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் 8 என்று கழித்தால் 140 மிஞ்சும். இது எந்த இடையூறும் இல்லாத நல்ல ஆண்டின் கணக்கு. நிச்சயமற்ற ஆண்டுக்கு இதில் முக்கால் பங்கை மட்டும், அதாவது 105 பாடவேளைகளை மட்டும், நம்பித் திட்டமிடுங்கள். உங்கள் பள்ளியின் எண்கள் வேறாக இருக்கலாம்; கழிக்கும் முறை இதுவே.

முக்கால் பங்கு என்பது அச்சத்தால் வைத்த அளவு என்று மூத்த ஆசிரியர் ஒருவர் சொல்லக்கூடும். மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தை பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எடுத்துக்காட்டினார்கள். ஆசிரியர்கள் அதற்கு விதிவிலக்கல்லர். இடையூறே வராமல் மீதி 35 பாடவேளைகளும் கிடைத்துவிட்டால் திருப்புதலுக்கும் பின்தங்கியவர்களுக்கும் அவற்றைச் செலவிடலாம். அந்த 35ஐ முன்கூட்டியே பாடங்களால் நிரப்பிவிடுவதுதான் இங்குள்ள பொறி. காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை. அந்த இடங்களில் "இருப்பு" என்று பேனாவால் எழுதிவைத்துவிடுங்கள்.

இழப்பு ஆண்டு முழுதும் சீராகப் பரவி வருவதில்லை. மழைக்காலமோ வெப்பக்காலமோ எந்தப் பருவத்தில் அடைப்பு வரும் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தால், ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்படும் பாடங்களை அந்தப் பருவத்தில் வைக்காதீர்கள். நடுவில் அறுந்தாலும் பாதிப்பில்லாத தனித்தனிப் பாடங்களுக்கே அந்த வாரங்கள் ஏற்றவை.

3. பாடப்பகுதிகளை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இரண்டு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து, பாடத்திட்டத்தின் ஒவ்வோர் அலகையும், முடிந்தால் ஒவ்வொரு உட்பகுதியையும், மூன்றில் ஓர் அடுக்கில் போடுங்கள். முதல் அடுக்கு, எது நடந்தாலும் கற்பித்தே ஆகவேண்டியது. இரண்டாவது, சுருக்கமாகவேனும் தொட வேண்டியது. மூன்றாவது, நேரமிருந்தால் மட்டும் நடத்துவது.

பிரிப்பதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இது தெரியாவிட்டால் இந்த மாணவர் அடுத்த ஆண்டில் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்? கணக்கில் பின்னங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னம் புரியாத மாணவருக்கு விகிதம், சதவீதம், இயற்கணிதச் சமன்பாடு ஆகிய மூன்றும் பின்னால் சிக்கலாகும். ஆகவே அது முதல் அடுக்கு. ரோமன் எண்களைத் தெரியாமல் எவரும் அடுத்த வகுப்பில் சிக்கிக்கொள்வதில்லை, அது மூன்றாவது. மொழிப்பாடத்தில், முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைப் படித்து அதன் கருத்தைச் சொந்த வாக்கியத்தில் சொல்வது முதல் அடுக்கு. ஒரு குறிப்பிட்ட துணைப்பாடக் கதையின் நிகழ்வுகளை நினைவில் வைத்திருப்பது மூன்றாவது. அறிவியலில் அளவைகளும் அலகுகளும், ஒரு வரைபடத்தைப் படித்துப் பொருள் சொல்வதும் முதல் அடுக்கில் வரும்.

உங்கள் பட்டியலை அடுத்த வகுப்பின் ஆசிரியரிடம் காட்டுங்கள். அரை மணி நேரப் பேச்சில், நீங்கள் முக்கியமென்று நினைத்த சிலவற்றை அவர் கீழே இறக்குவார். சாதாரணமென்று விட்ட ஒன்றை மேலே ஏற்றுவார். அவர்தான் உங்கள் வகுப்பு எதைத் தெரியாமல் வருகிறது என்பதை ஆண்டுதோறும் பார்க்கிறவர்.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. தேர்வில் அதிக மதிப்பெண் வரும் பகுதியெல்லாம் முதல் அடுக்கு என்று எண்ணுவது ஒன்று. பொதுத்தேர்வு வகுப்பென்றால் மதிப்பெண் பங்கைக் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும்; மற்ற வகுப்புகளில் அது துணைக் காரணமாக இருந்தால் போதும். எல்லாவற்றையும் முதல் அடுக்கில் போட்டுவிடுவது மற்றொன்று. முதல் அடுக்கு 105 பாடவேளைகளில் பாதிக்குமேல், சுமார் 52க்குமேல், போனால் நீங்கள் இன்னும் பிரிக்கவே இல்லை என்று பொருள், மறுபடி உட்காருங்கள்.

முதல் அடுக்கில் உள்ளவற்றை இயன்றவரை ஆண்டின் முற்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். பாட வரிசையை மாற்றப் பள்ளியின் ஒப்புதல் தேவையென்றால் அதை எழுத்தில் பெறுங்கள். அதே வகுப்பின் வேறு பிரிவுக்கும் சேர்த்தே வினாத்தாள் தயாரிக்கும் பள்ளியாக இருந்தால், மற்றப் பிரிவின் ஆசிரியரோடு பேசாமல் வரிசையை மாற்றாதீர்கள். இல்லாவிட்டால் நடத்தாத பாடத்திலிருந்து உங்கள் மாணவர்களுக்கு முதல் பருவத்தேர்வில் கேள்வி வரும்.

4. மாணவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அறியுங்கள்

பள்ளி திறந்த முதல் நாளில் சோதனை வேண்டாம். நீண்ட இடைவெளிக்குப்பின் வருகிறவர்களுக்கு வகுப்பில் உட்காரும் பழக்கமே திரும்ப ஒரு வாரமாகும். இரண்டாம் வாரத்தில், சென்ற வகுப்பின் முதல் அடுக்குப் பாடங்களிலிருந்து 10 கேள்விகளை எடுத்து, 20 நிமிடத்தில் எழுதச் செய்யுங்கள். மதிப்பெண் இல்லை, வீட்டுக்கு அனுப்பப்போவதில்லை என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதும் உந்துதல் அதனால் பெருமளவு குறையும்.

திருத்தும்போது மாணவர்வாரியாகக் கூட்டாமல் கேள்விவாரியாக எண்ணுங்கள். எந்தக் கேள்வியை எத்தனை பேர் தவறவிட்டார்கள் என்பதே உங்களுக்குத் தேவை. அதோடு தவறான விடைகளைப் படியுங்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் மாணவர், மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டுகிறார். 0.35ஐ 0.5ஐவிடப் பெரியது என்று எழுதுகிறவர், புள்ளிக்குப்பின் வருவதை முழு எண்ணாகப் படிக்கிறார். இந்த இரண்டுக்கும் வெவ்வேறு மருந்து. மொத்த மதிப்பெண்ணில் இரண்டும் ஒரே பூச்சியம்.

சிறு வகுப்புகளுக்கு எழுத்துச் சோதனையைவிட வாய்விட்டுப் படிக்கச் சொல்வது மேலானது. ஒருவருக்கு 2 நிமிடம் என்றால் 40 பேருக்கு 80 நிமிடம். மற்றவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு இரண்டு மூன்று பாடவேளைகளில் இதை முடித்துவிடலாம்.

முடிவைப் பார்த்ததும் மனம் தளர வேண்டியதில்லை. மறந்ததும் கற்காததும் தாளில் ஒரே மாதிரி தெரியும். ஒருமுறை கற்று மறந்ததை மீண்டும் கற்க முதல்முறையைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்பதை உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் 1885இல் தம்மையே சோதித்து நிறுவினார். ஆகவே பெரும்பாலோர் தவறவிட்ட பகுதிகளை இரண்டு பாடவேளைகளில் நினைவூட்டிவிட்டு, எண்களை மட்டும் மாற்றி அதே கேள்விகளைத் திரும்பக் கொடுங்கள். இம்முறை சரியாக எழுதுகிறவர்கள் மறந்தவர்கள். அவர்களுக்கு இனி திருப்புதல் போதும். மறுபடியும் தவறவிடுகிறவர்கள் அந்தப் பாடத்தைக் கற்கவே வாய்ப்புக் கிடைக்காதவர்கள். அவர்களுக்குத் தொடக்கத்திலிருந்து கற்பிக்க வேண்டும். இந்த இரண்டாம் சோதனையைச் செய்யாமல் எழுதும் இலக்கு, தேவையில்லாதவர்களுக்கும் சேர்த்துப் பழைய பாடம் நடத்தி முதல் மாதத்தை விழுங்கிவிடும்.

5. இலக்குகளை எழுதுங்கள்

மூன்றாம் வார முடிவுக்குள் எழுதி முடியுங்கள். மூன்று இலக்குகளுக்குமேல் வேண்டாம். படிவத்தில் பத்துக் கட்டங்கள் இருந்தால், மூன்றைப் பிரித்து எழுதி நிரப்பலாம். மனத்தில் வைத்துக்கொள்வது மூன்றாகவே இருக்கட்டும்.

முதலாவது கற்றல் இலக்கு. "மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்" என்று எழுதினால் அது நிறைவேறியதா இல்லையா என்று ஆண்டு முடிவில் எவராலும் சொல்ல முடியாது. "இரண்டாம் சோதனையிலும் தடுமாறிய 12 மாணவர்களில் குறைந்தது 9 பேர், வகுப்பின் 60ஆவது பாடவேளைக்குள், முன்பின் பார்த்திராத 100 சொற்கள் கொண்ட பத்தியைப் படித்து அதன்மேல் கேட்கும் 4 கேள்விகளில் 3க்குச் சரியாக விடையளிப்பார்கள்" என்று எழுதினால் சொல்ல முடியும். தேதிக்குப் பதிலாகப் பாடவேளை எண் இருப்பதைக் கவனியுங்கள். பள்ளி ஒரு மாதம் மூடிக்கிடந்தால் தேதி கடந்துபோகும். 60ஆவது பாடவேளை உங்களுக்காகக் காத்திருக்கும். படிவம் தேதியைக் கேட்டால் தேதியையும் எழுதி, அருகில் பாடவேளை எண்ணையும் குறியுங்கள்.

முடிவு முழுவதும் உங்கள் கையில் இல்லையாதலால், ஒவ்வோர் இலக்கின் கீழும் உங்கள் கையில் இருக்கும் ஒரு வாரச் செயலை எழுதிவையுங்கள். மேற்கண்ட இலக்குக்கு, வாரத்தில் மூன்று நாள் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம் அந்த 12 பேரோடு படிப்பது என்பது அத்தகைய செயல். எல்லாப் பாடங்களுக்கும் நான் பரிந்துரைப்பது, ஒவ்வொரு வகுப்பையும் மூன்று கேள்விகளோடு தொடங்குவது: ஒன்று நேற்றையது, ஒன்று சென்ற வாரத்தது, ஒன்று சென்ற மாதத்தது, விடையை நோட்டைப் பாராமல் எழுத வேண்டும். படித்ததைத் திரும்பப் படித்தவர்களைவிட, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்பதை உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் சோதனையில் காட்டினார்கள். இதற்கு ஆவது ஐந்து நிமிடம். எப்போது பள்ளி மூடும் என்று தெரியாத ஆண்டில் இதைவிட மலிவான காப்பீடு இல்லை.

இரண்டாவது தொடர்பு இலக்கு. மாணவர் நம்மிடமிருந்து நழுவிப் போகாமல் பார்த்துக்கொள்வது பற்றியது. "தொடர்ந்து மூன்று நாள் வராத அல்லது பதிலளிக்காத ஒவ்வொரு மாணவரின் வீட்டோடும் நான்காம் நாளுக்குள் பேசியிருப்பேன்" என்ற ஒரு வரி போதும்.

மூன்றாவது உங்களைப் பற்றியது. வாரத்தில் ஒரு நாள் முழுக்கப் பள்ளி வேலையைத் தொடாமல் இருப்பது, மாதம் ஒருமுறை இன்னோர் ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது போன்றவை தகும். புதிய ஆசிரியர்கள் பெரும்பாலும் இந்த இலக்கை எழுதுவதற்குக் கூசுகிறார்கள். நீங்கள் நடுவில் களைத்து விழுந்தால் மற்ற இரண்டும் நிறைவேறப் போவதில்லை, கூசாமல் எழுதுங்கள்.

நூறு விழுக்காடு தேர்ச்சி என்ற இலக்கைப் பள்ளியே மேலிருந்து கொடுத்துவிடுவதும் உண்டு. அதை எதிர்த்து வாதிட்டு முதல் மாதத்தை வீணாக்க வேண்டாம். கொடுத்ததை முதல் வரியில் எழுதிவிட்டு, அதன் கீழே உங்கள் மூன்று இலக்குகளை அதற்கான வழிகளாக எழுதுங்கள். ஆனால் அந்த எண்ணுக்காகத் தேர்ச்சி விளிம்பில் நிற்கும் சிலரை மட்டும் பிடித்துக்கொண்டு, மிகவும் பின்தங்கியவர்களைக் கைவிடும் வழக்கத்துக்குள் விழுந்துவிடாதீர்கள். காணொளி இத்தனை, செயலி இத்தனை என்று கருவிகளை எண்ணும் இலக்குகளையும் தவிருங்கள். மாணவர் எதையும் கற்காமலேயே அவற்றை நிறைவேற்றிவிட முடியும்.

6. "இப்படி நேர்ந்தால்" தாளைத் தயாரியுங்கள்

உடன் பணிபுரியும் இரண்டு பேரோடு 20 நிமிடம் உட்காருங்கள். ஆண்டு முடிந்துவிட்டது, திட்டம் முற்றிலும் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்பதற்கான காரணங்களை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுங்கள். உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் பரவலாக அறிமுகப்படுத்திய முறை இது. "என்ன தடை வரலாம்?" என்று கேட்டால் தயங்குகிறவர்கள்கூட, ஏற்கெனவே தோற்றதாகச் சொல்லிக் கேட்டால் தாராளமாக எழுதுவார்கள்.

வந்த காரணங்களில் நிகழக்கூடிய நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் எது தொடரும், எது நிற்கும், மாணவரை எவ்வழியில் எட்டுவோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒரு வாரம் பள்ளி மூடினால் புதிய பாடம் எதுவும் இல்லை, முன்பே அச்சிட்ட திருப்புதல் தாள் மட்டும். ஒரு மாதம் மூடினால் மூன்றாம் அடுக்கு முழுவதும் நீங்கும், இரண்டாம் அடுக்கு பாதியாகும். பாதிப் பேர் மட்டும் வந்தால் வந்தவர்களுக்குப் புதிய பாடம் நடத்தி ஓடிவிடாமல், முதல் அடுக்குப் பயிற்சியை ஆழப்படுத்துவது. நீங்களே ஒரு வாரம் வர இயலாவிட்டால், மாற்று ஆசிரியர் உங்களிடம் ஒரு சொல்லும் கேட்காமல் நடத்தக்கூடிய 5 பாடவேளைகளுக்கான தாள்கள், விடைகளோடு, ஒரு கோப்பில் தயாராக இருக்க வேண்டும்.

இந்தத் தாளை அமைதியான நாளில் எழுதுவதில்தான் பயன் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அடைப்புச் செய்தி வந்தபின் எதை விடுவது என்று முடிவெடுக்க உட்கார்ந்தால், எதையும் விட மனம் வராது.

7. செலவைக் கணக்கிடுங்கள்

மூன்று செலவுகளைப் பாருங்கள்: தாள், இணையத் தரவு, உங்கள் நேரம்.

40 மாணவருக்கு வாரம் 2 பக்கப் பயிற்சித்தாள் வீதம் 30 வாரங்களுக்கு 2,400 பக்கங்கள் ஆகும். இருபுறமும் அச்சிட்டால் 1,200 தாள்கள். ஒரு ரீமுக்கு 500 தாள் என்ற கணக்கில் இரண்டரை ரீமுக்குச் சற்றுக் குறைவு. இந்த எண்ணோடு போனால் அலுவலகம் ஒதுக்கித் தரும். "அச்சிடக் கொஞ்சம் தாள் வேண்டும்" என்று வாராவாரம் போனால் மூன்றாம் வாரம் கதவு சாத்திக்கொள்ளும். கைக்காசு போட்டு அச்சிடத் தொடங்காதீர்கள். ஒருமுறை போட்டால் அது ஆண்டு முழுதும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

தொலைவிலிருந்து நடத்த நேர்ந்தால், தரவுச் செலவு மாணவரின் குடும்பத்தின் தலையில் விழுகிறது என்பதை மறக்கக்கூடாது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் 10 நிமிடக் காணொளி சுமார் 75 மெகாபைட்டை எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 32 கிலோபிட் அளவில் பதிந்த அதே 10 நிமிடக் குரல்பதிவுக்கு 2.4 மெகாபைட் போதும்; முப்பதில் ஒரு பங்கு. பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்படி, "27ஆம் பக்கத்தில் இரண்டாவது படத்தைப் பாருங்கள்" என்று வழிநடத்தும் குரல்பதிவு பெரும்பாலான பாடங்களுக்கு ஈடுகொடுக்கும்.

நேரம்தான் பலரும் கணக்கிடாத செலவு. ஒரு நோட்டுக்கு 3 நிமிடம் என்றால் 40 நோட்டுகளுக்கு 2 மணி நேரம். ஐந்து பிரிவுகளுக்கு 10 மணி நேரம். வாரந்தோறும் எல்லா நோட்டுகளையும் திருத்துவதாக இலக்கில் எழுதுவதற்கு முன் இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள். ஒரு வாரத்தில் கால்வாசி நோட்டுகளை மட்டும் ஊன்றித் திருத்தி, கண்ட பொதுத்தவறுகளை மறுநாள் பலகையில் எழுதி எல்லோருக்குமாகப் பேசுவது ஒரு நல்ல மாற்று. அப்படியானால் ஒவ்வொரு மாணவரின் நோட்டும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை முழுக் கவனம் பெறும்.

8. உரியவர்களிடம் சொல்லுங்கள்

தலைமையாசிரியருக்கு ஒரே பக்கம்: மூன்று இலக்குகள், மூன்று அடுக்குகள், பாடவேளைக் கணக்கு. தேதியிட்ட கையொப்பம் பெற்று ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அடுக்கை ஏன் நடத்தவில்லை என்ற கேள்வி பிற்பாடு வந்தால் இந்தத் தாள்தான் பேசும். பெற்றோருக்கு அடுக்குகளையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. பள்ளி மூடினால் பாடம் எவ்வழியில் வரும், யாரை எந்நேரம் அழைக்கலாம் என்ற இரண்டும் போதும். தேர்ச்சி பற்றி எந்த வாக்குறுதியும் கொடுக்காதீர்கள்.

9. ஆறு வாரத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்

நாட்காட்டியில் முன்பே குறித்துவைத்த நாளில், ஒரு மணி நேரம் ஒதுக்கி, நடந்த பாடவேளைகளை எண்ணுங்கள். திட்டமிட்டதைவிட 5 குறைந்திருந்தால் இருப்பிலிருந்து ஈடுசெய்யுங்கள். 10க்குமேல் குறைந்திருந்தால் மூன்றாம் அடுக்கிலிருந்து வெட்டுங்கள். முதல் அடுக்கை விரைந்து முடித்து ஈடுகட்ட முயல வேண்டாம். வேகமாக நடத்திய பாடத்தைப் பின்னால் திரும்ப நடத்த நேரும்; இரட்டைச் செலவு.

முதல் அடுக்கில் முடித்த பகுதிக்கு ஐந்து கேள்விகள் கொண்ட சிறு சோதனை வையுங்கள். ஐந்தில் நான்கு பங்கினர் தேறினால் மேலே செல்லுங்கள், எஞ்சியவர்களைச் சிறு குழுவாக இருப்புப் பாடவேளைகளில் பாருங்கள். பாதிக்குமேல் தவறவிட்டால் மீண்டும் நடத்துங்கள், ஆனால் அதே விளக்கத்தை உரத்த குரலில் திரும்பச் சொல்வதால் பயனில்லை. வேறு எடுத்துக்காட்டு, வேறு வழி தேடுங்கள். இடைப்பட்ட நிலையில் என்ன செய்வதென்பது உங்கள் வகுப்பை அறிந்த உங்கள் தீர்ப்பு.

இலக்கின் எண்ணையே குறைக்க வேண்டிய நிலையும் வரலாம். குறையுங்கள், பழைய எண்ணை அழிக்காமல் ஒரு கோடிட்டு, பக்கத்தில் புதிய எண், தேதி, ஒரு வரிக் காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். அழித்து எழுதிய தாளை மதிப்பீட்டாளர் ஐயத்தோடு பார்ப்பார். காரணத்தோடு திருத்திய தாளை வேலைக்குச் சான்றாகக் கொள்வார்.

10. கோப்பை எப்போதும் ஒப்படைக்கும் நிலையில் வைத்திருங்கள்

நிச்சயமற்ற காலத்தில் நீங்களே ஆண்டின் நடுவில் வேறு வகுப்புக்கோ வேறு பள்ளிக்கோ மாற்றப்படலாம். ஒரே கோப்பில் மேலிருந்து கீழாக இந்த வரிசையில் வையுங்கள்: கையொப்பமிட்ட ஒரு பக்க இலக்குத்தாள், அடுக்குப் பட்டியல், இரண்டு சோதனைகளின் கேள்விவாரிக் கணக்கு, "இப்படி நேர்ந்தால்" தாள், மாற்று ஆசிரியருக்கான 5 பாடவேளைத் தாள்கள், ஆறு வாரத் திருத்தங்கள். மாணவரின் குடும்பச் சூழல் பற்றி நம்பிச் சொன்னவற்றை இதில் சேர்க்காதீர்கள். வகுப்பை ஏற்கப்போகிறவருக்குத் தெரிந்தே ஆகவேண்டியதை நேரில் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதத்தின் கடைசி வேலைநாளிலும் கடைசியாக நடத்திய பகுதியின் பெயரையும் பாடவேளை எண்ணையும் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி, கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை இன்னோர் ஆசிரியருக்குச் சொல்லிவையுங்கள்.